காலங்காட்டியின் காலம்

கோயிற் சுவரில் பழங்கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் அதில் தெளிவாக இருப்பின் அதன் காலத்தை அறிதல் எளிது. அப்பகுதி சிதைந்து போயிருப்பின், கற்றறிந்தோர் எழுத்தின் வடிவத்தை நோக்குவர், சொல்லாட்சியை நோக்குவர், கூறப்படும் ஊர்ப்பெயர்களையும் வரிப்பெயர்களையும் ஒப்பிட்டு நோக்குவர். இவற்றால் அக்கல்வெட்டு இன்ன நூற்றாண்டினது என்று துணிவர். பழம்பொருள் எதுவாயினும் அதன் வயதை ஆராய்வோர் கைக்கொள்ளும் நெறி இதுவே.

உலகிற்கெல்லாம் காலத்தைக் காட்டும் கடிகாரம் தன் காலத்தை வெளிப்படக் கூறுவதில்லை. முகப்பில் மணி உண்டு, மணித்துளி உண்டு. செய்யப்பட்ட ஆண்டு பெரும்பாலும் இல்லை. ஆயினும், படைவீரர்க்கென்று அரசு வாங்கி வழங்கிய கைக்கடிகாரங்கள் இவ்வகையில் ஓரளவு வேறுபட்டவை. அரசின் உடைமையாதலின் அவை எண்ணிடப்பட்டன, முத்திரையிடப்பட்டன, பதிவேட்டில் ஏற்றப்பட்டன. அம்முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அவை சிறு கல்வெட்டுகளே எனலாம்.

இதனை அறிவதால் வரும் பயன் யாது? பல வீடுகளில் பாட்டனார் போர்க்களத்தில் அணிந்தது என்று போற்றப்படும் கடிகாரம் ஒன்று பெட்டியின் அடியிற் கிடக்கும். கடைத்தெருவிலோ, போர்முனையைக் கண்டது என்று கூறியே அத்தகைய கடிகாரத்தைப் பன்மடங்கு விலைக்கு விற்பாரும் உளர். முன்னது அன்பினாற் பிறந்த செய்தி; பின்னது ஆதாயம் கருதியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். கடிகாரத்தையே சான்றாக நிறுத்தி வினவினாலன்றி உண்மை புலப்படாது.

முன்னாளில் ஆடவர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்துச் சங்கிலியால் பிணைத்திருந்தனர். மணிக்கட்டில் அணிவது பெண்டிர்க்குரிய அணி என்றே கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றியது போர். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போயர் போரில், ஆங்கிலப் படைத்தலைவர் சிலர் தம் பைக்கடிகாரத்தைத் தோற்கூட்டில் இட்டு மணிக்கட்டில் கட்டிக்கொண்டனர். முதல் உலகப் போரில் இவ்வழக்கம் பெருகிற்று. பீரங்கிகள் குண்டுமாரி பொழிந்து ஓயும் கணத்திற்கும், காலாட்படை பதுங்குகுழியினின்றும் எழுந்து முன்னேறும் கணத்திற்கும் உள்ள இடைவெளி சிறிதே பிழைப்பினும் வீரர் தம் படையின் குண்டுகளுக்கே இரையாக நேரும். 1916ஆம் ஆண்டு சூலை முதல் நாள், பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் போர் காலை 7.30 மணிக்குத் தொடங்கியது. படைத்தலைவர் பலரும் முன்னரே தம் கடிகாரங்களை ஒருங்கே திருத்தி வைத்துக்கொண்டு அக்கணத்திற்குக் காத்திருந்தனர். ஒரு கையில் ஊதலும் மறு கையில் படைக்கலமும் ஏந்தியவன் பையைத் துழாவிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தல் இயலுமா?

அக்காலத்துக் கைக்கடிகாரங்களுட் பல வெள்ளிக் கூடு உடையவை. படையினர் தம் பணத்தில் தாமே வாங்கியவை. அவற்றின் வயதை அறியப் படைமுத்திரை உதவாது. வெள்ளி முத்திரையே உதவும். பிரிட்டனுள் கொண்டுவரப்படும் அயல்நாட்டுப் பொன், வெள்ளிக் கடிகாரக் கூடுகள் உரைநிலையத்தில் ஆராயப்பட்டு முத்திரை பெறுதல் வேண்டும் என்னும் விதி 1907ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அம்முத்திரைகளுள் ஓரெழுத்து ஆண்டைக் குறிக்கும். அவ்வெழுத்தின் வரிசை ஊருக்கு ஊர் வேறுபடும். இலண்டனில் ஓர் ஆண்டைக் குறிக்கும் எழுத்து பர்மிங்காமில் வேறோர் ஆண்டைக் குறிக்கும். ஆதலின் முதலில் ஊர்க்குறியைப் படித்து, அதன் பின்னரே ஆண்டெழுத்தைப் படித்தல் வேண்டும். இம்முறை மாறினால் கணக்கு முழுவதும் பிழைபடும். அவ்வெழுத்தும் கூடு முத்திரை பெற்ற ஆண்டைக் காட்டுமேயன்றி, விற்பனையான ஆண்டைக் காட்டாது.

படைக்கடிகாரத்தின் பின்மூடியிற் காணப்படும் குறிகளுள் தலைமையானது அம்புக்குறி. மூன்று கோடுகள் ஓரிடத்திற் கூடிய, கோழியின் காலடி போன்ற வடிவம் அது. பிரிட்டிஷ் அரசின் படைக்கலச் சாலைகள் பதினேழாம் நூற்றாண்டு முதலே தம் உடைமைகளின்மேல் இக்குறியை இட்டு வந்தன. பீரங்கியானாலும் பாய்த்துணியானாலும் அம்புக்குறி இருப்பின் அஃது அரசின் பொருள். பிரிட்டனோடு தொடர்புடைய பிற நாடுகளும் இதனைச் சிறு வேறுபாட்டுடன் ஏற்றன. கனடாவில் ஆங்கில ‘சி’ என்னும் எழுத்தினுள்ளே அம்பு நிற்கும். ஆஸ்திரேலியாவில் இரண்டு ‘டி’ எழுத்துகளின் நடுவே நிற்கும். இந்தியப் படைக்குரிய பொருள்களில் அம்புடன் ‘ஐ’ என்னும் எழுத்துக் காணப்படும். எனவே, கடிகாரம் எந்நாட்டுப் படைக்குரியது என்னும் வினாவிற்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைக்குக் கைக்கடிகாரங்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டன. பிரிட்டனிலோ கடிகாரத் தொழிற்சாலைகள் போர்க்கருவி செய்வதில் ஈடுபட்டிருந்தன. ஆதலின் சுவிட்சர்லாந்தினின்றும் கடிகாரங்கள் வருவிக்கப்பட்டன. தொடக்கத்தில் வந்தவற்றின் பின்மூடியில் ‘ஏ.டி.பி.’ என்னும் எழுத்துகள் உள்ளன. படைக்குரிய காலங்காட்டி என்பது அவற்றின் பொருள். இவை பெரும்பாலும் வெளிறிய முகப்புடையவை. பொதுமக்களுக்கென்று விற்கப்பட்டவற்றினின்றும் இவை பெரிதும் வேறுபட்டன அல்ல.

இவற்றால் நிறைவுறாத படைத்துறை, பின்னர்த் தனக்கு வேண்டிய கடிகாரம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று தானே இலக்கணம் வகுத்தது. முகப்புக் கருநிறமாக இருத்தல் வேண்டும். எண்கள் வெண்ணிறத்தில் தெளிவாக எழுதப்படல் வேண்டும். முட்களும் மணிக்குறிகளும் இருளில் ஒளிர்தல் வேண்டும். நொடிமுள் ஆறாம் எண்ணின் இடத்தே தனிச் சிறுவட்டத்தில் சுழலுதல் வேண்டும். பொறியில் தேய்வு தாங்கும் கற்கள் பதினைந்து அமைதல் வேண்டும். கண்ணாடி எளிதில் நொறுங்காததாகவும், கூடு நீர் புகாததாகவும், சாவி கொடுக்கும் குமிழ் கையுறை அணிந்த விரல்களுக்கும் எட்டும்படி பெரியதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விலக்கணத்திற்கேற்பப் பன்னிரண்டு நிறுவனங்கள் கடிகாரம் செய்து தந்தன. பியூரன், சைமா, எட்டர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர்-லெகூல்ட்ர், லெமானியா, லாஞ்சின்ஸ், ஒமேகா, ரெக்கார்டு, டைமோர், வெர்டெக்ஸ் என்பன அவை. கிரானாவின் கடிகாரங்கள் மிகச் சிலவே. ஆதலின் இன்று தேடித் திரிவோர்க்கு அதுவே அரிய பொருள். 1967ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் பெயரைக்கொண்டு இப்பன்னிரண்டையும் ‘அழுக்குப் பன்னிருவர்’ என்று வழங்குகின்றனர். பெயர் அத்துணை அழகியது அன்று, ஆயினும் நிலைத்துவிட்டது.

இவற்றின் பின்மூடியில் ‘டபிள்யூ’ என்னும் எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வரும். கடிகாரம், மணிக்கட்டு, நீர்புகாமை ஆகிய பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பொருளின் பெயரை முன்னும் அதன் இயல்பைப் பின்னும் எழுதுவது பண்டகசாலைக் கணக்கரின் வழக்கம். அம்மூன்றெழுத்தோடு அம்புக்குறியும், இரண்டு எண்களும் இருக்கும். ஓரெண் செய்தவர் இட்டது. மற்றோரெண் படைத்துறையினது, அதன் முன்னே ஓரெழுத்து நிற்கும். வெர்டெக்ஸ் கடிகாரத்தில் அது ‘ஏ’, ஒமேகாவில் ‘ஒய்’. முகப்பில் ஒமேகாவின் பெயரும் பின்மூடியில் ‘ஏ’ என்னும் எழுத்தும் இருக்குமாயின், ஒன்றன் உடலில் மற்றொன்றன் மூடியை யாரோ பொருத்தியுள்ளனர் என்று தெளியலாம்.

இம்மூன்றெழுத்துக் கடிகாரங்கள் படைக்கு வந்து சேர்ந்த ஆண்டு 1945. ஐரோப்பாவில் அவ்வாண்டு மே மாதத்திலும், ஆசியாவில் ஆகஸ்டு மாதத்திலும் போர் ஓய்ந்தது. இந்த ஓர் ஆண்டை மனத்திற் கொண்டால் பல கதைகளைச் சோதித்து அறியலாம். இத்தகைய கடிகாரம் ஒன்றைக் காட்டி, ‘இது கொகிமாப் போரில் இருந்தது’ என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்று நில்லாது. கொகிமாப் போர் 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் சூன் வரை நிகழ்ந்தது. கடிகாரமோ அதற்கு அடுத்த ஆண்டினது. ‘எல் அலமைன் பாலைவனத்தில் அணிந்தது’ எனின் அதுவும் பொருந்தாது. அப்போர் 1942ஆம் ஆண்டினது. ‘ஏ.டி.பி.’ என்னும் குறியுடைய கடிகாரமாயின் இரண்டு கூற்றும் நிகழத்தக்கனவே.

இதனால் அவ்வீரர் பொய்யர் என்று கொள்ளுதல் தகாது. அவர் கொகிமாவில் மெய்யாகவே போர் புரிந்திருக்கலாம். கடிகாரத்தைப் போர் முடிந்த பின்னர்ப் பெற்றிருக்கலாம். அவர் மறைந்தபின், பெயரர் இரண்டு செய்தியையும் ஒன்றாக இணைத்திருக்கலாம். முத்திரை கடிகாரத்தின் வரலாற்றை மட்டுமே கூறும். அணிந்தவரின் வரலாற்றைப் படைப்பணி ஏடுகளிலே தேடுதல் வேண்டும்.

இனி, கடிகாரத்தின் உள்ளுறுப்பை நோக்கலாம். பின்மூடியைத் திறந்தால் பொறியின்மேல் செய்தவர் பெயரும், பொறிவகையின் எண்ணும், வரிசையெண்ணும் தோன்றும். பெருநிறுவனங்கள் வரிசையெண்ணைத் தொடர்ச்சியாகவே இட்டு வந்தமையின், எண்ணைக்கொண்டு ஆண்டை ஏறத்தாழ அறியலாம். ஒமேகாவின் வரிசையெண் 1944ஆம் ஆண்டளவில் ஒரு கோடியை எட்டியது. 1947ஆம் ஆண்டளவில் ஒரு கோடியே பத்து இலட்சத்தை எட்டியது. ஆகவே, 1945ஆம் ஆண்டின் படைக்கடிகாரத்தில் இவ்விரண்டு எல்லைக்கும் இடைப்பட்ட எண் இருத்தல் இயல்பு. அங்கு ஒரு கோடியே நாற்பது இலட்சத்தை ஒட்டிய எண் காணப்படின், அப்பொறி 1954ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்டது. கூடு ஒரு காலத்தது. பொறி மற்றொரு காலத்தது.

ஏட்டுச்சுவடிகளைப் பயின்றோர்க்கு இந்நிலை புதியதன்று. பழைய நூலின் ஏடு ஒன்று செல்லரித்துப் போனால், படியெடுப்பவர் வேறு சுவடியினின்றும் ஓர் ஏட்டை எடுத்துச் சேர்ப்பர். சிலர் தாமே பாட்டு எழுதிச் செருகிவிடுவதும் உண்டு. முன்னதைக் குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை; பின்னது குற்றம். கடிகாரத்திலும் இவ்வேறுபாடு உண்டு. படைப் பட்டறையில் பழுது பார்த்தோர்க்கு, முப்பது கடிகாரங்களைப் பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டும்போது, எந்த முள் எந்தக் கடிகாரத்தினது என்று பார்க்க வேண்டிய தேவை இல்லை. கடிகாரம் ஓடுதல் வேண்டும். அவ்வளவே அவர்தம் கடமை. ஆதலின் மாற்றப்பட்ட உறுப்பு, கடிகாரம் உண்மையாகப் படையில் உழைத்தது என்பதற்கே சான்றாதலும் கூடும். விலையை உயர்த்துவதற்காக அண்மையில் ஒட்டவைத்தது வேறு. ஒரு கடிகாரத்திற்கு ஒரே பிறந்த நாள் என்று எண்ணாமல், கூடு, பொறி, முகப்பு, முள் ஆகிய ஒவ்வொன்றின் காலத்தையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, பின்னர் ஒப்பிடுவதே தக்க முறை.

முகப்பின் காலத்தை அறிவிப்பதில் ஒளிப்பூச்சு பெருந்துணை செய்யும். கியூரி தம்பதியர் 1898ஆம் ஆண்டில் ரேடியத்தைக் கண்டறிந்தனர். அதனைத் துத்தநாக சல்பைடு என்னும் பொருளோடு கலந்து பூசினால் இருளில் இடையறாது ஒளிர்வதைக் கண்டு, கடிகார முகப்பிற்கு அக்கலவையைப் பயன்படுத்தினர். அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் இருந்த தொழிற்சாலையில் இளம்பெண்கள் பலர் இப்பூச்சுவேலை செய்தனர். எண்கள் நுண்ணியவை, ஆதலின் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்கள் பழக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் உடலுட் சென்று எலும்பிற் படிந்தது. தாடையெலும்பு அழிந்தும், குருதி குன்றியும் பலர் மாண்டனர். கிரேசு பிரையர் என்னும் பெண்ணும் அவருடன் நால்வரும் தொடுத்த வழக்கு 1928ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. தொழிலாளர் நலச் சட்டங்களின் வரலாற்றில் அவ்வழக்கு பெயர் பெற்றது.

பழைய முகப்பு இன்று ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துபோயிற்று என்று இதனாற் கருதுதல் பெரும்பிழை. ரேடியம் தன் அளவிற் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். இடைவிடாத கதிர்வீச்சினாற் சிதைந்து ஒளிரும் ஆற்றலை இழந்தது உடன் கலந்த சல்பைடே. இருண்டு கிடக்கும் அம்முகப்பிலிருந்து கதிர்வீச்சு இன்றும் குன்றாமல் வெளிப்படுகின்றது. ஆதலின் ரேடியம் பூசிய கடிகாரத்தைக் கண்ணாடி நீக்கித் திறத்தலும், பூச்சைச் சுரண்டுதலும், உதிர்ந்த தூளை ஊதுதலும் ஒருபோதும் செய்யத் தகாதவை. அதனை மாணவர் திறந்து பார்க்க முயலாமல், கதிரியக்கப் பொருளைக் கையாளும் முறை அறிந்த வினைஞரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

1960களில் ரேடியத்தை நீக்கி டிரிட்டியம் என்னும் பொருளைப் பூசத் தொடங்கினர். இது பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பாதியாகக் குறைவது; தீங்கும் குறைவு. படைக்கடிகார முகப்பில் ஒரு சிறு வட்டத்தினுள் ஆங்கில ‘டி’ என்னும் எழுத்து இருப்பின், அது டிரிட்டியத்தைக் குறிக்கும். 1945ஆம் ஆண்டின் கூட்டில் இக்குறியுள்ள முகப்பு இருத்தல் உண்டு. படையினரே பழைய ரேடிய முகப்பை நீக்கிப் புதியதைப் பொருத்தினர் என்பது அதன் பொருள். அக்கடிகாரம் இருபது ஆண்டு அளவிலும் படைப்பணியில் இருந்தது என்பதையும் அவ்வோர் எழுத்தே அறிவித்துவிடுகின்றது.

போருக்குப் பிந்திய கடிகாரங்களின் காலத்தை அறிதல் எளிது. அவற்றுட் பல ஆண்டைத் தாமே கூறும். பிரிட்டிஷ் வான்படையின் வழிகாட்டிகளுக்கென 1948ஆம் ஆண்டில் ‘மார்க் 11’ என்னும் கடிகாரம் வகுக்கப்பட்டது. வானூர்திக் கருவிகளின் காந்த விசை பொறியைத் தாக்காதபடி, மெல்லிரும்பினாலான உட்கூடு ஒன்று அதனைச் சூழ்ந்திருக்கும். குமிழை வெளியே இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். வானொலியின் நேர அறிவிப்போடு நொடி பிசகாமல் பொருத்திக்கொள்ள இது துணை செய்தது. விண்மீன்களை அளந்து வழி காண்பவர்க்கு ஒரு சில நொடிப் பிழையும் கடலின்மேல் மைல் கணக்கான பிழையாக விளையும். இதன் பின்மூடியில் ‘6பி/346’ என்னும் குறியும், அதன்கீழ் வரிசையெண்ணும், சாய்கோட்டிற்கு அப்பால் ஆண்டின் ஈரிலக்கமும் காணப்படும். சாய்கோட்டின்பின் 52 என்று இருப்பின் 1952 என்று கொள்க.

வட அட்லாண்டிக் உடன்படிக்கை அமைப்பு 1949ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பின்னர் உறுப்பு நாடுகளின் படைப்பொருள்களுக்கெல்லாம் பொதுவான எண்முறை வகுக்கப்பட்டது. அம்முறையில் 6645 என்பது காலம் அளக்கும் கருவிகளின் வகுப்பெண்; அடுத்து வரும் 99 பிரிட்டனுக்குரியது. இவ்வெண்ணுடைய கடிகாரத்தை உலகப் போரில் அணிந்தது என்று கூறுதல், கம்பர் அச்சுப்புத்தகம் வைத்திருந்தார் என்று கூறுதலை ஒக்கும். 1967 முதல் 1970 வரை இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் ஸ்மித்ஸ் நிறுவனம் தரைப்படைக்குச் செய்தளித்த கடிகாரத்தில் இவ்வெண்ணோடு ‘டபிள்யூ 10’ என்னும் குறியும், ஆண்டும் உள்ளன. கடற்படைக்குரியதாயின் ‘0552’ என்னும் எண் முன்னே நிற்கும். அமெரிக்கர் 1964ஆம் ஆண்டில் வகுத்த இலக்கணமோ, பழுதுற்றால் எறிந்துவிடத் தக்க எளிய கடிகாரத்தையே வேண்டியது; அவற்றின் பின்புறத்தில் மாதமும் ஆண்டும் வெளிப்படையாகவே பொறிக்கப்பட்டன. அவற்றைப் படிக்க ஆராய்ச்சி எதுவும் வேண்டா.

முத்திரையை நம்புவதற்கு முன் முத்திரையையே ஆராய்தலும் வேண்டும். மூன்று கோடுகளாலான அம்பைப் பொறிக்கப் பெருந்திறமை தேவையில்லை. ஓர் உளியும் சுத்தியலும் போதும். உண்மையான குறி, மூடியின் பிற பகுதிகள் தேய்ந்த அளவிற்குத் தானும் தேய்ந்திருக்கும். பல்லாண்டு கீறல்கள் அதன்மேற் குறுக்காக ஓடியிருக்கும். மூடி முழுவதும் தேய்ந்திருக்க அம்பு மட்டும் கூர்மையாக விளங்குமாயின் ஐயுறுதல் வேண்டும். வார்ப்பட்டை பூட்டும் குச்சிகளும் சான்று கூறும். படைக்கடிகாரங்களில் அவை கழன்று விழாதபடி கூட்டோடு அசையாமற் பொருத்தப்பட்டிருக்கும். கழற்றத்தக்க குச்சிகள் காணப்படின், கூடு படைக்குரியது தானா என்று மீண்டும் நோக்குதல் நன்று.

பணி முடிந்து அரசு விற்றுவிட்ட பொருள்களின்மேல் மற்றோர் அம்பைத் தலைகீழாக இட்டு, இரண்டின் முனைகளும் ஒன்றையொன்று தொடுமாறு செய்வது பிரிட்டிஷ் வழக்கம். அஃது ஒரு விண்மீன் போலத் தோன்றும். அக்குறி இருப்பின், வைத்திருப்பவர் அதனைத் திருடினாரல்லர் என்பது தெளிவு. எனினும் எல்லாக் கடிகாரங்களிலும் அக்குறி இடப்படவில்லை. வீரர் பலர் கடிகாரம் தொலைந்தது என்று கணக்கிற் காட்டி வீட்டிற்குக் கொண்டு சென்றதும் உண்டு.